சக்கரத்தின் இடம்: ஒரு நெம்புகோலின் வரலாறு

அமெரிக்க நாட்டின் பிக்கப் லாரிகளைப் படங்களிலாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்புறம் ஓட்டுநர் அறை. பின்புறம் திறந்த சரக்குத் தொட்டி. இவற்றுள் சில லாரிகள் தரையிலிருந்து மிக உயரத்தில் நிற்கும். அவற்றின் பெரிய டயர்கள் வண்டியின் பக்கவாட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சேறும் பாறையும் நிறைந்த இடங்களில் ஓட்டுவதற்காகவும், சில வேளைகளில் தோற்றத்துக்காகவும், உரிமையாளர்கள் தங்கள் வண்டிகளை இவ்வாறு உயர்த்திக்கொள்கிறார்கள்.

அப்படி உயர்த்துபவர் ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். சக்கரம் அச்சிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி நிற்க வேண்டும்? 20 மில்லிமீட்டரா? 40 மில்லிமீட்டரா? இது வெறும் அலங்காரக் கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் அந்தச் சில மில்லிமீட்டர்களுக்குப் பின்னால் 200 ஆண்டு வரலாறு இருக்கிறது. ஒரு நெம்புகோலைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்த வரலாறு அது. அதை அறிந்தவருக்குக் கேள்வியின் விடையும் எளிதில் புலப்படும்.

ஆஃப்செட் என்பது என்ன?

ஒரு மோட்டார் சக்கரத்தை மேலிருந்து கீழாகச் சரிபாதியாக வெட்டியதாக எண்ணிக்கொள்ளுங்கள். டயர் உட்காரும் ரிம்மின் அகலத்தை இரு சம பாகங்களாகப் பிரிக்கும் ஒரு நடுக்கோட்டை வரையுங்கள். சக்கரத்தை அச்சு முனையோடு இறுக்கும் தட்டையான முகம் ஒன்று உண்டு. அதன் வழியே இன்னொரு கோட்டை வரையுங்கள். இவ்விரு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரமே ஆஃப்செட் எனப்படுவது.

இறுக்கும் முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்புறம் இருந்தால் அது நேர் ஆஃப்செட். அப்போது சக்கரம் வண்டிக்கு உள்ளே ஒடுங்கி நிற்கும். முகம் உட்புறம் இருந்தால் எதிர் ஆஃப்செட். சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். இரு கோடுகளும் ஒன்றானால் ஆஃப்செட் சுழி. பல சக்கரங்களில் 'இ.டி. 44' என்பது போன்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வளவு ஆழத்தில் முகம் அழுத்தி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. எண் மில்லிமீட்டரைக் குறிக்கும்.

இதைக் கண்ணால் காண அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊர்ச் சாலையோரம் நிற்கும் லாரியைப் பாருங்கள். முன் சக்கரத்தின் நடுத்தட்டு வெளியே புடைத்திருக்கும். பின்புறம் இரட்டைச் சக்கரங்களில் வெளிச் சக்கரத்தின் நடுத்தட்டு உள்ளே குழிந்திருக்கும். இரண்டும் ஒரே வகைச் சக்கரங்கள்தாம். ஒன்று திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே. முன்னது நேர் ஆஃப்செட். பின்னது எதிர் ஆஃப்செட்.

ஸ்பேசர் என்பது அச்சு முனைக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் கனமான உலோகத் தட்டு. 38 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்பேசரை வைத்தால் சக்கரம் 38 மில்லிமீட்டர் வெளியே போகும். அதாவது +44 என்றிருந்த ஆஃப்செட் +6 ஆகிவிடும்.

மர வண்டிகளின் பாடம்

சுமை எந்தக் கோட்டின் வழியே தரைக்கு இறங்குகிறது என்பது பற்றி மோட்டாருக்கு முன்பே தச்சர்கள் கவலைப்பட்டார்கள். இங்கிலாந்தின் குதிரை வண்டிச் சக்கரங்கள் தட்டையாக இருக்கவில்லை. ஆழமற்ற கிண்ணம் போல வெளிப்புறமாகக் குழிந்திருந்தன. குதிரை அடியெடுத்து வைக்கும்போது வண்டி இடமும் வலமுமாக அசையும். அந்தப் பக்கவாட்டு இடியைத் தட்டையான சக்கரத்தைவிடக் கூம்பு வடிவச் சக்கரம் நன்றாகத் தாங்கும். ஆனால் கிண்ணச் சக்கரத்தின் ஆரக்கால்கள் சாய்ந்திருக்குமே! சாய்ந்த கால் சுமையைத் தாங்குமா? இதற்காக அச்சின் முனையைச் சற்றே கீழ்நோக்கி வளைத்தார்கள். சக்கரத்தின் மேற்பகுதி வெளியே சாய்ந்தாலும், தரையைத் தொடும் ஆரக்கால் மட்டும் செங்குத்தாக நின்றது. சுமை குடத்திலிருந்து நேராகத் தரைக்கு இறங்கியது.

இங்கிலாந்தின் ஃபார்ன்ஹம் நகரில் வண்டிப் பட்டறை நடத்திய ஜார்ஜ் ஸ்டர்ட், 1923-இல் வெளிவந்த தம் நூலில் இந்தக் கிண்ண வடிவத்தை விரிவாக ஆராய்ந்தார். பட்டறைத் தச்சர்கள் காரணத்தைக் கணக்காகச் சொல்லாமலே, தலைமுறை தலைமுறையாக அதைச் சரியாகச் செய்துவந்தார்கள்.

நெம்புகோல் குறுகிய கதை

பழைய நான்கு சக்கர வண்டி திரும்பும்போது அதன் முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஒரே முளையைச் சுற்றித் திரும்பும். ஒரு முன் சக்கரம் கல்லில் மோதினால் என்ன ஆகும்? மோதும் விசை, சக்கரத்துக்கும் நடு முளைக்கும் இடையே உள்ள தூரத்தால் பெருக்கப்பட்டு அச்சைத் திருப்பும். அந்தத் தூரம் வண்டி அகலத்தில் பாதி. 0.7 மீட்டர் என்று கொண்டால், 2000 நியூட்டன் விசை உண்டாக்கும் திருப்புத்திறன் 1400 நியூட்டன்-மீட்டர். இவ்வளவையும் குதிரைகள் இழுக்கும் ஏர்க்கால்தான் எதிர்க்க வேண்டும்.

1817-இல் ஜெர்மனியின் மியூனிக் நகர வண்டிக் கலைஞர் ஜார்ஜ் லாங்கென்ஷ்பெர்கர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு சக்கரமும் தன் அருகிலேயே உள்ள ஒரு சிறு முளையைச் சுற்றித் திரும்பட்டும் என்றார். 1818-இல் லண்டனில் இதற்கு உரிமம் பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். இன்று அந்த அமைப்பு அவர் பெயரால் வழங்குகிறது. அரை வண்டி அகலமாக இருந்த நெம்புகோல், சக்கரத்துக்கும் அதன் முளைக்கும் இடையே உள்ள சிறு தூரமாகச் சுருங்கிவிட்டது.

பின்னர் மோட்டார் வண்டிகள் வந்தன. அந்த முளைக்குக் கிங்பின் என்று பெயர். வடிவமைப்பாளர்கள் கிங்பின்னின் தலையை வண்டியின் உட்புறமாகச் சாய்த்தார்கள். அதனால் கிங்பின் கோட்டைக் கீழே நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு மிக அருகில் தரையைச் சந்தித்தது. அந்தச் சந்திப்புப் புள்ளிக்கும் டயர்த் தடத்தின் நடுவுக்கும் இடையே எஞ்சிய தூரத்தைத் தேய்ப்பு ஆரம் எனலாம். ஆக்கர்மன் காலத்து நெம்புகோலின் இன்றைய மிச்சம் இதுவே.

முன் சக்கரங்களுக்கும் பிரேக் வந்தபோது இந்த மிச்சமும் முக்கியமாயிற்று. 1921-இல் வெளிவந்த டூசன்பர்க் மாடல் ஏ காரில் நான்கு சக்கரங்களுக்கும் நீரியல் பிரேக்குகள் இருந்தன. முன் சக்கரங்களில் ஒன்று உலர்ந்த தாரிலும் மற்றொன்று ஈர மணலிலும் இருக்கும்போது பிரேக்கை மிதித்தால், இரு பக்க விசைகளும் சமமாக இரா. அவற்றின் வேறுபாடு 2000 நியூட்டன், தேய்ப்பு ஆரம் 50 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஸ்டியரிங்கைத் திருப்ப முயலும் திறன் 100 நியூட்டன்-மீட்டர். பழைய வண்டியின் 1400 எங்கே, இந்த 100 எங்கே!

1972-இல் ஜெர்மனியின் ஆடி 80 கார் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன் பிரேக் குழாய்கள் மூலைவிட்ட முறையில் இரு சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு சுற்று பழுதானால் முன் சக்கரங்களுள் ஒன்றே பிரேக் பிடிக்கும். கார் அந்தப் பக்கமாக இழுக்கப்படும். ஆகவே கிங்பின் கோடு டயர் நடுவுக்கு வெளிப்புறத்தில் தரையைத் தொடும்படி அமைத்தார்கள். தேய்ப்பு ஆரம் எதிர்க்குறி பெற்றது. பிரேக் வலிமையாகப் பிடிக்கும் சக்கரம், இழுப்புக்கு எதிர்த்திசையில் தானே சிறிது திரும்பி, வண்டியை நேராக்க உதவியது. இதற்குச் சக்கரம் கிங்பின்னை ஏறக்குறைய விழுங்கிவிடும் அளவுக்கு ஆழமான நேர் ஆஃப்செட் தேவை. இன்றைய கார்ச் சக்கரங்களின் தட்டு வெளிப்புற ஓரத்தை ஒட்டி இருப்பதன் காரணங்களுள் இது ஒன்று. சக்கரத்துக்குள்ளேயே டிஸ்க் பிரேக்கின் பிடியும் அடங்க வேண்டியிருப்பது மற்றொன்று. அமெரிக்காவில் ஷெவர்லே நிறுவனத்தின் சிறு லாரிகளில் 1971 முதல் முன் டிஸ்க் பிரேக்குகள் வழக்கமாயின.

இரண்டு பேரிங்குகளின் கணக்கு

சக்கரத்தின் இடத்தைப் பற்றிக் கவலைப்படும் இன்னொரு பொருள் பேரிங். 1898-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கென், கூம்பு உருளை பேரிங்குக்கு உரிமம் பெற்றார். மேலிருந்து வரும் சுமையையும் பக்கவாட்டு இடியையும் ஒருசேரத் தாங்குவது அதன் சிறப்பு. சக்கரத்தின் குடத்துக்குள் இத்தகைய பேரிங்குகள் இரண்டை, ஒன்று உள்ளும் ஒன்று வெளியுமாக வைப்பது வழக்கமாயிற்று.

இயற்பியல் வகுப்பில் நீங்கள் செய்த மீட்டர் அளவுகோல் சோதனையை நினைவுகூருங்கள். இரு தாங்கிகளின் மேல் கோல்; கோலின் மேல் ஓர் எடை. எடை நடுவில் இருந்தால் இரு தாங்கிகளும் சமமாகச் சுமக்கும். இப்போது பேரிங்குகளுக்கு இடையே 60 மில்லிமீட்டர் தூரம், சக்கரத்தின் மீது 6000 நியூட்டன் சுமை என்று கொள்வோம். சுமைக்கோடு நடுவே சென்றால் ஒவ்வொரு பேரிங்குக்கும் 3000 நியூட்டன். சக்கரத்தை 30 மில்லிமீட்டர் வெளியே தள்ளினால் சுமைக்கோடு வெளிப் பேரிங்கின் நேராக வந்துவிடும். அது ஒன்றே 6000 நியூட்டனையும் சுமக்கும். மேலும் தள்ளினால் கோல் நெம்புவது போல் உள் பேரிங் எதிர்த்திசையில் இழுபடும்.

இரு மடங்கு சுமை என்றால் ஆயுள் பாதியாகும் என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்வீடனைச் சேர்ந்த லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்ற இரு பொறியியலாளர்கள் 1947-இல் பேரிங்குகளின் ஆயுளைக் கணக்கிடும் முறைக்கு அடிகோலினார்கள். இன்றைய வழக்கின்படி உருளை பேரிங்கின் ஆயுள், சுமையின் 10/3 அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. சுமை 25 சதவீதம் கூடினாலே ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். சுமை இரட்டித்தால் ஆயுள் பத்தில் ஒரு பங்கு! ஓடும் வண்டியில் வளைவுகளின் பக்க விசைகளும் சேர்வதால் கணக்கு இவ்வளவு எளிதன்று. ஆயினும் போக்கு இதுதான்.

உயர்த்தும் வழக்கம்

இனிப் பிக்கப்புக்கு வருவோம். 1925-இல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரின் பின்னால் சரக்குத் தொட்டி ஒன்றைப் பொருத்தி, தொழிற்சாலையிலிருந்தே விற்கத் தொடங்கியது. 1935 முதல் மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் ஃபோர்டு லாரிகளை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரின் ஜீப்பும் ராணுவ லாரிகளும் சாலையில்லாத இடத்திலும் மோட்டார் செல்லும் என்று காட்டின. 1946-இல் டாட்ஜ் நிறுவனத்தின் பவர் வேகன், அந்த ராணுவ லாரியின் வழித்தோன்றலாகப் பொதுமக்களிடம் வந்தது. சேற்றில் இறங்கியவர்கள் இன்னும் உயரமான வண்டி வேண்டும் என்றார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். முழு அச்சு கொண்ட வண்டியில் தரையைத் தட்டும் மிகத் தாழ்ந்த பகுதி, அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் பெட்டி. வில்களை மாற்றி உடலை உயர்த்தினால் அந்தப் பெட்டி ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அது உயர ஒரே வழி பெரிய டயர். 31 அங்குல டயருக்குப் பதில் 35 அங்குல டயர் போட்டால் அச்சு 2 அங்குலம் உயரும். உடலை உயர்த்துவதெல்லாம் அந்தப் பெரிய டயருக்கு இடம் செய்யத்தான். பெரிய டயர் அகலமாகவும் இருக்கும். ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்தால் அதன் உள் ஓரம் சட்டத்தில் உரசும். உரசாமலிருக்கச் சக்கரத்தை வெளியே தள்ளுகிறார்கள். ஆக, டயருக்காக உயரம், உரசலுக்காக ஆஃப்செட் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைகள் தொடர்கின்றன. முடிவில் 200 ஆண்டுகளாகக் குறுகிவந்த நெம்புகோல் மறுபடி நீள்கிறது.

இந்தத் தொடரின் எல்லை வரை சென்றவர் பாப் சாண்ட்லர். டிம்கென் வாழ்ந்த அதே செயின்ட் லூயி வட்டாரத்தில் 1970-களில் வண்டி உதிரிப் பாகக் கடை நடத்தினார். தம் ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பை உயர்த்திக்கொண்டே போய், 'பிக்ஃபுட்' என்னும் ராட்சத வண்டியாக்கினார். 1981-இல் அது பழைய கார்களின் மீது ஏறி அவற்றை நசுக்கியது. ஆனால் அதன் டயர்கள் பெரிதானபோது பழைய அச்சுகள் தாங்கவில்லை. அவர் கனரக ராணுவ வண்டிகளின் அச்சுகளைப் பொருத்தினார். சக்கரத்தை மாற்றினால் அதைத் தாங்குவதையும் மாற்ற வேண்டும் என்பதே பிக்ஃபுட் தரும் பாடம்.

அகலம் உயரத்தை ஈடு செய்யுமா?

"உயர்த்தினால் கவிழும் அபாயம் கூடும், உண்மைதான். ஆனால் ஸ்பேசர் வைத்து அகலத்தைக் கூட்டிவிட்டால் ஈடாகிவிடுமே!" என்பார் சிலர். கணக்கிட்டுப் பார்ப்போம்.

இடது, வலது டயர்த் தடங்களின் இடைவெளியை, ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2001-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கவிழும் அபாயத்தை மதிப்பிட இதனைப் பயன்படுத்தி வருகிறது. பெரும்பாலான கார்களுக்கு இது 1.30 முதல் 1.50 வரை, பிக்கப் போன்ற உயர்ந்த வண்டிகளுக்கு 1.00 முதல் 1.30 வரை. எண் சிறிதானால் கவிழ்வது எளிது.

ஒரு பிக்கப்பின் தட அகலம் 1.70 மீட்டர், ஈர்ப்பு மைய உயரம் 0.72 மீட்டர் என்று கொள்வோம். எண் 1.18. பெரிய டயரும் உயர்த்தலும் சேர்ந்து ஈர்ப்பு மையத்தை 0.86 மீட்டருக்கு ஏற்றினால் எண் 0.99 ஆகிறது. இப்போது பக்கத்துக்கு 38 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து அகலத்தை 1.776 மீட்டராக்குங்கள். எண் 1.03. இழந்ததில் ஏறக்குறைய கால் பங்குதான் மீண்டது! முழுதும் மீட்க வேண்டுமானால் ஒவ்வொரு பக்கமும் 165 மில்லிமீட்டர் தள்ள வேண்டும். எந்தப் பேரிங்கும் இதைப் பொறுக்காது. உயரம் எடுத்துக்கொண்டதை ஸ்பேசரால் திருப்பித் தர இயலாது. உயர்த்திய வண்டியை ஓட்டுபவர் வளைவில் வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

அப்படியானால் சரியான ஆஃப்செட் எது? உரசலைத் தவிர்க்கத் தேவையான அளவு மட்டுமே வெளியே தள்ளுவதுதான் சரியான விதி.

தொழிற்சாலைச் சக்கரம் +44. டயரின் அகலம் 275 மில்லிமீட்டர். புதிய டயரின் அகலம் 315 என்று கொள்வோம். கூடுதல் 40. அதில் பாதியான 20 மில்லிமீட்டர் உட்புறம் நீளும். ஆகவே 20 மில்லிமீட்டர் வெளியே தள்ளினால் உள் ஓரம் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதாவது +24 ஆஃப்செட் கொண்ட சக்கரம் போதும்.

தேய்ப்பு ஆரம் என்ன ஆகும்? சக்கரம் 20 மில்லிமீட்டர் வெளியே போனதால் ஆரமும் 20 கூடும். ஆனால் டயரின் ஆரை 50 மில்லிமீட்டர் பெரிதானால் கிங்பின் அவ்வளவு உயரும். அதன் சாய்வு 10 பாகை எனில், கோடு தரையைத் தொடும் புள்ளி ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் வெளியே நகரும். ஆகவே நிகர மாற்றம் 11 மட்டுமே. தோற்றத்துக்காக 38 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தாலோ நிகர மாற்றம் 29. நாம் முன்பு கண்ட 50 மில்லிமீட்டர் ஆரம் 79 ஆகிவிடும். ஈரச் சாலையில் ஸ்டியரிங்கை இழுக்கும் திறன் 100-லிருந்து 158 நியூட்டன்-மீட்டராக உயரும். அதோடு, வெளியே நின்ற டயர் திரும்பும்போது பெரிய வட்டமடிப்பதால், சட்டத்தில் நின்ற உரசல் மட்கார்டின் பின் ஓரத்தில் தொடங்கலாம்.

ஒரே தூரத்தைச் சக்கரத்தின் ஆஃப்செட்டாலும் பெறலாம், ஸ்பேசராலும் பெறலாம். நெம்புகோல் கணக்கில் இரண்டும் ஒன்றே. இணைப்பின் உறுதியில்தான் வேறுபாடு. சக்கரத்தைச் சுமப்பது போல்ட்டின் தண்டு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் போல்ட்டுகள் இறுக்கி அழுத்துகின்றன. அந்த அழுத்தம் தரும் உராய்வே சக்கரத்தை நழுவாமல் பிடிக்கிறது. ஸ்பேசர் வைத்தால் ஓர் இணைப்பு முகத்துக்குப் பதில் இரண்டு. ஒன்றில் துருவோ மண்ணோ இருந்தாலும் இறுக்கம் தளரும். பழைய போல்ட்டின் மீதே செருகும் தட்டானால் நட்டு பிடிக்கும் மரையும் குறையும். மரை குறைந்தது போல்ட்டின் விட்டத்தின் அளவுக்காவது பிடிக்க வேண்டும் என்பது பொது விதி. 14 மில்லிமீட்டர் போல்ட்டில் மரையின் இடைவெளி 1.5 எனில், குறைந்தது 9 முழுச் சுற்றுகளுக்கு மேல் நட்டு ஏற வேண்டும். ஆகவே ஏற்ற ஆஃப்செட் உள்ள சக்கரம் கிடைக்கும்போது அதுவே மேல். ஸ்பேசர்தான் வழி என்றால், குடத்தின் நடு வளையத்தில் கச்சிதமாக உட்காருவதையும் தனிப் போல்ட்டுகள் உள்ளதையும் தேர்ந்து, அளவுக் கருவியால் இறுக்கி, சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

சக்கரத்தை வெளியே தள்ளுவதே குற்றம் என்று முடிவு கட்ட வேண்டாம். 1939-இன் ஃபோர்டு-ஃபெர்குசன் டிராக்டரில் ரிம்மையும் தட்டையும் திருப்பி மாட்டி, பயிர் வரிசைகளுக்கு ஏற்பத் தட அகலத்தை மாற்ற முடிந்தது. அதைச் செய்தவர்கள் அச்சையும் பேரிங்கையும் அதற்கென்றே வலுவாக அமைத்திருந்தார்கள்.

சக்கரத்தில் பொறித்திருக்கும் அந்தச் சிறு எண், வண்டித் தச்சர் முதல் டிம்கென் வரை பலர் கண்டறிந்தவற்றின் சுருக்கம். அதை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. மாற்றும் முன், எந்த நெம்புகோல் எவ்வளவு நீள்கிறது, அதன் மறுமுனையில் எந்தப் பேரிங்கும் எந்தப் பயணியும் இருக்கிறார்கள் என்பதை ஒரு தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். அதற்குப் பள்ளி இயற்பியலே போதும்.